முதலில் வெளிச்சத்தைப் படிப்போம்

எங்கள் பாடசாலைகளில் குறும்படம் எடுக்கும் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி "கமரா இருக்கா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "யார் வாங்கித் தருவாங்க?" பழைய மாணவியர் சங்கத்துக்கு ஒரு கடிதம், ஊர்த் தனவந்தர் ஒருவருக்கு ஒரு கடிதம், வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவருடைய நானாவுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி என்று நாட்கள் ஓடும். அதற்குள் தவணை முடிந்து பரீட்சை வந்துவிடும். எடுக்க நினைத்த கதை எடுக்கப்படாமலே கிடக்கும்.

உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கும் மாணவி என்ற வகையில் என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். கமரா வரும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு சிறிய விவரணப் படத்துக்கு அது போதும். நம்மிடம் குறைவாக இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கம். அதைக் கற்க ஒரு சதமும் செலவாகாது. அதைக் கற்காதவர் கையில் பத்து இலட்சம் ரூபாக் கமரா இருந்தாலும் படம் நன்றாக வராது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் அணிந்த தோழியை நடுப்பகல் வெயிலில், வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுங்கள். பர்தா நன்றாகத் தெரியும். சுவரும் தெரியும். முகம் மட்டும் கறுத்து, கண்கள் இரண்டும் குழியாகிப் போயிருக்கும். படத்தைப் பார்த்த பிள்ளை, "நான் கறுப்பு, எனக்குப் படம் சரிவராது" என்பாள். அல்லது முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரைத் தேடுவாள்.

இதில் அவளுடைய நிறத்தின் குற்றம் எதுவும் இல்லை. கமராவின் தானியங்கி அளவீடு, தன் முன்னால் உள்ள காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்ற கணக்கில் இயங்குகிறது. காட்சியில் வெள்ளை அதிகமானால், வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணி அது எல்லாவற்றையும் இருட்டாக்குகிறது. அந்த இருட்டு முதலில் விழுவது முகத்தில்தான். இப்போதைய தொலைபேசிகள் முகத்தை அடையாளம் கண்டு ஓரளவு திருத்தினாலும், வெள்ளைத் துணியும் வெள்ளைச் சுவரும் சேரும்போது தடுமாறவே செய்கின்றன. திரையில் முகம் தெரியும் இடத்தில் விரலைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். வெளிச்ச அளவு அங்கே பூட்டப்பட்டுவிடும். பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்தித் தேவையான அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதைவிட நல்ல வழி, தோழியை விறாந்தை நிழலுக்கு அழைத்து வந்து, அவள் முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துவது. கண்குழி மறையும். முகத்தின் உண்மையான நிறம் வரும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. கடந்த நூற்றாண்டில் கொடாக் நிறுவனம் வர்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் படக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த நிறுவனத்திலேயே பணிபுரிந்த ஒருவரின் பெயரால் அது 'ஷெர்லி அட்டை' என்று அழைக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக அந்த ஒரு தோலின் நிறமே உலகத்துக்கு அளவுகோலாக இருந்தது. பல நிறத்துப் பெண்கள் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. ஆகவே படத்தில் முகம் கறுத்தால், முகத்தைத் திருத்த ஓடாமல் வெளிச்சத்தைத் திருத்தப் பழகுவது நம் தன்மானத்தோடு சேர்ந்த விடயம் என்றே நான் கருதுகிறேன்.

வெளிச்சத்தைப் படிப்பது நமக்கு அந்நியமான கல்வியும் இல்லை. பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்ற ஏழு பாக நூலில் ஒளியைப் பற்றி எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பலர் நம்பிய காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று அவர் காட்டினார். பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒரு துளை வழியாக அவற்றின் ஒளியை இருட்டறைக்குள் விழச் செய்தார். ஒரு விளக்கை மறைத்தால் சுவரில் அதன் ஒளிப்பொட்டு மட்டும் மறைந்தது. மற்றவை அப்படியே இருந்தன. ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை, ஒவ்வொன்றும் நேர்கோட்டில் தன் வழியே செல்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் கமராவும் ஒரு துளையும் ஓர் இருட்டறையும்தான். அவரிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இருக்கவில்லை. விளக்கும் சுவரும் பொறுமையும் இருந்தன.

குறைந்த செலவில் படம் எடுப்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணங்கள் உண்டு. சத்யஜித் ராய் 1952இல் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கத் தொடங்கியபோது அது அவருக்கு முதற்படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அதற்குமுன் அவர் சினிமாக் கமராவை இயக்கியதே இல்லை. பணம் தீர்ந்து படப்பிடிப்பு பலமுறை நின்றது. ராயின் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசின் உதவியோடு 1955இல் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த 'அபராஜிதோ'வில் காசி நகரத்து வீடொன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். முற்றம் என்றால் வானத்திலிருந்து நிழல் விழாத மென்மையான வெளிச்சம் இறங்க வேண்டும். ஸ்டூடியோ விளக்கை நேராகப் போட்டால் அது வராது. மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். கீழேயிருந்து விளக்குகளை அந்தத் துணியில் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானத்து வெளிச்சம் போலவே இறங்கியது. ஒளியைத் தெறிக்க வைத்துப் பயன்படுத்தும் இந்த முறையை இன்று உலகம் முழுவதும் கையாளுகிறார்கள். அதன் மூலப்பொருள் ஒரு துண்டு வெள்ளைத் துணி.

நம் நாட்டில் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட காலத்தில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். 1956இல் வந்த 'ரேகாவ' இலங்கை மண்ணின் வெயிலில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது கான் திரைப்பட விழாவுக்குப் போனது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பூனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று, யன்னல் வழியே வரும் வெளிச்சத்தையும் மாலை வெளிச்சத்தையும் நம்பித் தமிழ்ப் படங்களை எடுத்தார். 'மூன்றாம் பிறை'யின் ஒளிப்பதிவுக்கு அவர் இந்தியத் தேசிய விருது பெற்றார். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்லும் 'வீடு' (1988), பாட்டும் ஆடம்பரமும் இல்லாத படம். நம் தீவில் பிறந்தவர் ஒருவரால் செய்ய முடிந்ததை நாம் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது நம் கரைக்கு வருவோம். கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை, களப்பும் கடலும் உப்பளமும் உள்ள இந்த நிலத்துக்கென்று ஒரு வெளிச்சம் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மளமளவென்று ஏறிவிடும். ஏப்ரலிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் அது நேரே உச்சந்தலைக்கு வரும். அந்த நேரத்தில் மனித முகத்தை வெளியே படமெடுப்பது வீண். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையும், மாலை நாலரை முதல் மஃரிபுக்குச் சற்று முன்வரையும் நம் நேரம். வெயில் சாய்ந்து வரும், நிழல் நீளும், வலையின் ஒவ்வொரு கண்ணும் தெரியும். இடையில் உள்ள நேரத்தை உள்ளே எடுக்கும் காட்சிகளுக்கு ஒதுக்குங்கள்.

பாலாவிப் பக்கத்து உப்பளத்துக்குப் போனால் கணக்கு மாறும். அங்கே தரையே வெள்ளை. மேலிருந்து விழும் வெயில் உப்பில் பட்டுத் திரும்பி, தொப்பிக்கும் முக்காட்டுக்கும் கீழே இருக்கும் முகத்தை நிரப்பும். மற்ற இடங்களில் மதியத்தில் கிடைக்காத முகம் அங்கே கிடைக்கும். ஆனால் கமரா வெள்ளையைக் கண்டு இருட்டாக்கும் என்பதால், முகத்தில் அளவெடுத்துப் பூட்டாமல் அங்கே ஒரு காட்சியும் எடுக்கக் கூடாது.

வெளிச்சத்தைத் தெறிக்கவிட நாம் கடைக்கும் போகத் தேவையில்லை. மீன்வாடிகளில் ஐஸ் போட்டு மீன் அடைக்கும் ரெஜிபோம் பெட்டியின் மூடி எங்கும் கிடக்கிறது. அதைக் கழுவிக் காயவைத்தால் நல்ல தெறிபலகை. பேசுபவரின் முகத்தில் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் இருட்டுமாக இருந்தால், இருட்டுப் பக்கத்தில் மூன்றடி தூரத்தில் அந்த மூடியைப் பிடியுங்கள். அந்தப் பக்கமும் கண்ணும் விளங்கும். வெளிச்சம் மிஞ்சி முகம் தட்டையாகத் தெரிந்தால், தெறிபலகைக்குப் பதிலாக ஒரு கறுப்பு அபாயாவை விரித்துப் பிடியுங்கள். அது வெளிச்சத்தை உறிஞ்சி நிழலைத் திரும்பத் தரும்.

வீட்டுக்குள் எடுக்கும்போது முதலில் மின்குமிழை அணையுங்கள். யன்னல் வெளிச்சம் நீலம் கலந்தது. குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த நிறமும் சரியாக வராது. ஆளை யன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். யன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டால் ஆள் நிழலுருவாகிவிடுவார். நேர்வெயில் விழுந்தால் யன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை விரிப்பைக் கட்டுங்கள். இரவில் விளக்கு வைத்தே எடுக்க வேண்டுமென்றால், விளக்கை ஆளின் முகத்துக்கு நேரே பிடிக்காமல் வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ அடித்துத் தெறிக்க விடுங்கள். சின்ன விளக்கும் தூரம் குறைந்தால் பெரிய வேலை செய்யும்; தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலையும். அதனால் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த காணொளியில் சில வேளை கோடுகள் ஓடும். தொலைபேசியில் விநாடிக்கு 25 சட்டங்கள், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அந்தக் கோடுகள் நின்றுவிடும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றில், கடற்கரையில் நின்று பேசும் எவருடைய குரலும் கமராத் தொலைபேசியில் சரியாகப் பதியாது. இரண்டாவது தொலைபேசியொன்றில் ஒலிப்பதிவைத் தொடக்கி, பேசுபவரின் மடியில் அல்லது சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எடுக்கத் தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்துவது சுலபம். கமரா ஆடாமல் இருக்க அரிசியோ மணலோ நிரப்பிய துணிப்பை ஒன்று போதும்.

இத்தனையும் எதற்காக? நம் கரையைப் படமெடுப்பவர்கள் ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். டொல்பின் பார்க்க வருபவர்கள் எடுக்கிறார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் ஓடுபவர்களை எடுக்கிறார்கள். ஒருமுறை வெளியிலிருந்து வந்த படக்குழு ஒன்று, என் சாச்சி நெத்தலி காயவைக்கும் வாடிக்கும் வந்தது. கடலும் காற்றாலைகளும் அழகாக வரவேண்டும் என்று வெளிச்சத்தைக் கடலுக்கு அளந்தார்கள். மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று வேலை செய்து காட்டிய சாச்சியும் மற்றப் பெண்களும் படத்தில் கறுப்பு நிழல்களாக வந்தார்கள். யார் யார் என்று நமக்கே தெரியவில்லை. எதற்கு அளவெடுக்கிறோம் என்பது தொழில்நுட்பக் கேள்வி போலத் தோன்றும். யாரை மனிதராகப் பார்க்கிறோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வாழும் குடும்பங்களின் கதை இருக்கிறது. கொழும்புக் குப்பையை அருவக்காலுவுக்குக் கொண்டுவருவதை எதிர்த்து 2018இல் புத்தளத்தில் பெண்களும் வீதியில் இறங்கிய கதை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்த மாவட்டத்துக்கு வந்த முஸ்லிம்களின் கதை இருக்கிறது. அன்று முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அன்று அறுபதாக இருந்தவர்களில் பலர் இப்போது நம்மோடு இல்லை. கமரா வாங்கும் வரை இந்தக் குரல்கள் காத்திருக்க மாட்டா.

என் உம்மும்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவர் பேசுவதைத் தகரக்கூரை வீட்டின் ஒரேயொரு யன்னலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். முகத்தைக் காட்ட அவருக்கு விருப்பமில்லை. அதனால் கைகளை மட்டும் எடுத்தேன். விட்டுவந்த தையல் மெஷினைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய வலது கை தன்பாட்டில் சக்கரத்தைச் சுற்றியது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தக் கையின் நரம்புகள் தெரிந்தன. முகம் இல்லாத அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள்.

இனிப் பெற்றோர்களிடம் பணிவாகச் சில வார்த்தைகள். "புள்ளைட படத்த யாராவது எடுத்துக்கொண்டு போய் என்னமும் செஞ்சா?" என்று என் உம்மா கேட்டார். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பெண் பிள்ளைகளின் படங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவது உண்மையாகவே நடக்கிறது. ஆனால் கமராவைப் பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதால் அந்த ஆபத்து குறையாது. எந்தப் படம் எங்கே போகிறது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று முறையாகக் கற்ற பிள்ளைதான் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்வாள்.

எல்லைக்குள் நின்று வேலை செய்வதும் முடியாத காரியமில்லை. சவூதி அரேபியாவில் ஹைஃபா அல் மன்சூர் 2012இல் 'வஜ்தா' என்ற படத்தை எடுத்தார். ரியாத் வீதிகளில் ஆண்களோடு கலந்து நின்று வேலை செய்ய முடியாத நிலை. ஒரு வேனுக்குள் இருந்து திரையைப் பார்த்தபடி வோக்கிடோக்கி வழியாக இயக்கினார். ஈரானில் சமீரா மக்மல்பஃப் 'ஆப்பிள்' படத்தை எடுத்தபோது அவருக்கு வயது பதினேழு. தந்தையால் பல ஆண்டுகள் வீட்டுக்குள் பூட்டிவைக்கப்பட்ட இரண்டு சிறுமிகளின் உண்மைக் கதை அது. அந்தக் குடும்பத்தையே நடிக்க வைத்துப் பதினொரு நாட்களில் எடுத்து முடித்தார். 1998இல் அந்தப் படம் கான் விழாவில் திரையிடப்பட்டது.

நம் ஊரில் இது ஒரு தொழிலாகவும் ஆகலாம். கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் பெண்ணே படமெடுக்க வேண்டும் என்று பல குடும்பங்கள் விரும்புகின்றன. அதற்கு ஆள் கிடைப்பதில்லை. வெளிச்சம் தெரிந்த ஒரு பெண் பிள்ளைக்கு அந்த வேலை கண்ணியமான வருமானமாகும்.

ஆகவே கல்லூரிக்கு என் ஆலோசனை இது. ஒரு தவணைக்கு மட்டும், பாடசாலை முடிந்தபின் வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தாருங்கள். ஆசிரியை ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். முதல் நான்கு வாரம் படமே எடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் கவனிப்போம்: எந்த வகுப்பறையில் எந்த நேரம் எந்தப் பக்கத்தால் வெளிச்சம் வருகிறது என்று கொப்பியில் எழுதுவோம். அடுத்து நான்கு வாரம் தோழியருக்குள்ளேயே எடுத்துப் பழகுவோம். பிறகு குழுவுக்கு ஒரு மூன்று நிமிடப் படம். படமெடுக்கப்படும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குவோம். எடுத்தவை ஆசிரியையின் பொறுப்பில் ஒரு மெமரி கார்டில் மட்டும் இருக்கும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் முன்னிலையிலேயே அழிப்போம். அனுமதி இல்லாமல் எதுவும் இணையத்துக்குப் போகாது. முடிந்த படங்களைப் பெற்றோர் கூட்டத்தில், முதலில் பெற்றோருக்கே போட்டுக் காட்டுவோம்.

இதற்கு வேண்டிய பொருட்களின் பட்டியலையும் தருகிறேன்: ஆளுக்கொன்று வேண்டாம், குழுவுக்கு இரண்டு தொலைபேசி, ஒரு வெள்ளை விரிப்பு, ஒரு கறுப்புத் துணி, ஒரு ரெஜிபோம் மூடி, ஒரு அரிசிப் பை. புதிதாக வாங்க வேண்டியது மெமரி கார்ட் ஒன்றுதான். கமரா எப்போதாவது வந்தால் வரட்டும். அது வரும் நாளில், அதைப் பிடிக்கத் தெரிந்த கைகள் இங்கே ஆயத்தமாக இருக்க வேண்டும்.